பத்தாம் வாரத்தில் சிஎம்வி ஐஜிஎம் பாசிட்டிவ்: அடுத்து எந்தப் பரிசோதனை?

அஸ்தம்பட்டி வாசி:
ஏற்காட்டில் ஆசிரியையாகப் பணிபுரியும் என் மனைவிக்கு இது பத்தாவது வாரம். சேலத்தில் எடுத்த டார்ச் பரிசோதனையில் (கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) சைட்டோமெகலோ வைரஸுக்கான (சிஎம்வி) ஐஜிஜி, ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள்கள் இரண்டும் பாசிட்டிவ் என வந்துள்ளன. காய்ச்சலோ நெறிகட்டுதலோ இல்லை. மருத்துவரைப் பார்க்க நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அதற்குள் உறவினர் ஒருவர் கருவைக் கலைப்பதே நல்லது என்று சொல்லி வீட்டையே கலங்கடித்துவிட்டார். இந்தப் பரிசோதனை முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆய்வக நுட்புநர்:
ஐஜிஜி பாசிட்டிவ் என்பதில் அதிர்ச்சியடைய ஏதுமில்லை. ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வைரஸ் பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, ஆயுள் முழுவதும் உடலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஐஜிஜி இருக்கும். குழப்பமெல்லாம் ஐஜிஎம்மில்தான். புதிய தொற்றில் அது தோன்றும் என்பது உண்மையே. ஆனால் பல மாதங்கள் நீடிப்பதும், பழைய வைரஸ் மீண்டும் தலைதூக்கும்போது வருவதும், எப்ஸ்டீன் பார் போன்ற வேறு வைரஸ் தொற்றின்போது பொய்யாகத் தென்படுவதும் உண்டு. ஆகவே ஐஜிஜி அவிடிட்டி, அதாவது அந்த எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றும் பிடியின் வலு, பார்க்கலாமா என மருத்துவரிடம் கேளுங்கள். தொற்று புதிதாக இருக்கையில் எதிர்ப்பொருள் வைரஸைத் தளர்வாகவே பற்றும். மாதங்கள் செல்லச்செல்லப் பிடி இறுகும். பத்தாம் வாரத்தில் அவிடிட்டி உயர்வாக இருந்தால், முதல் தொற்று பெரும்பாலும் கருத்தரிப்பதற்கு முன்பே நேர்ந்திருக்கும். இருபதாம் வாரத்தில் பார்த்தால் இந்தக் கணக்குச் செல்லாது.

மகப்பேறு மருத்துவர்:
அவிடிட்டி குறைவாக வந்தாலும் குழந்தைக்குத் தொற்றிவிட்டது என்று பொருளல்ல. தாய்க்கு முதல் தொற்று கர்ப்பகாலத்தில் ஏற்பட்டாலும், குழந்தைக்குப் பரவுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே. அதை அறியப் பனிக்குட நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்வோம். 20 வாரம் கடந்திருக்க வேண்டும், தொற்று நேர்ந்து 6 முதல் 8 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தை பிறந்தபின் என்றால் 21 நாட்களுக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பிசிஆர் செய்ய வேண்டும்; பிந்தினால், கருவிலேயே வந்த தொற்றா பிறகு வந்ததா என்று பிரித்தறிய இயலாது. தாய்ப்பாலில் வைரஸ் இருக்கக்கூடும் என்பதால், உமிழ்நீரில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரிலும் உறுதிசெய்வது அவசியம். ஐஜிஎம்மை மட்டும் வைத்துக் கருக்கலைப்பைப் பற்றிப் பேசவே இடமில்லை. என்னைக் கேட்டால், அறிகுறி ஏதுமில்லாதவருக்கு டார்ச் தொகுப்பை வழக்கமாக எழுதித் தருவதே வேண்டாத வேலை.

அஸ்தம்பட்டி வாசி:
இருவருக்கும் நன்றி. அவிடிட்டிக்கு மீண்டும் ரத்தம் கொடுக்க வேண்டுமா?

ஆய்வக நுட்புநர்:
முன்பு எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் மீதமிருந்தால் அதிலேயே செய்யலாம். ஆய்வகங்கள் மாதிரியைச் சில நாட்களே குளிரில் வைத்திருக்கும் என்பதால், அப்புறப்படுத்த வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.