73939133-க்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்

நாகர்கோவில் கணித ஆசிரியை:
திங்கட்கிழமை பள்ளிக் கணித மன்றச் சுவரிதழ் ஒட்டியாக வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்திருக்கும் எண் 73939133. இது பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913, அதுவும் பகா எண். அப்படியே 739391, 73939, 7393, 739, 73, 7 வரை எல்லாமே பகா எண்கள். பதின்ம எண்முறையில் இந்த வகையில் மொத்தம் 83 தான். இதுதான் மிகப் பெரியது. பின்னால் 1 அல்லது 7 ஒட்டினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 39, 45 என்றாகி 3-ஆல் வகுபட்டுவிடும். 3, 9 ஒட்டினாலும் பகு எண்தான். ஆங்கிலத்தில் டிரன்கேட்டபிள் பிரைம். வலப்பக்கம் வெட்டுவது ஒரு வகை, இடப்பக்கம் வெட்டுவது இன்னொன்று. தமிழில் என்ன எழுத?

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
டீச்சர், சொல் நன்னூலிலேயே இருக்கிறதே! தாமரை ‘மரை’ ஆனால் தலைக்குறை, நீலம் ‘நீல்’ ஆனால் கடைக்குறை. ஆகவே கடைக்குறைப் பகா எண், தலைக்குறைப் பகா எண். இன்னொன்றும் பாருங்கள். ‘பகா’ என்பதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘பகாத’ என்பதில் கடைசி எழுத்து போன பிறகும் சொல் சொல்லாகவே நிற்கிறது. உங்கள் எண்ணும் அதைத்தானே செய்கிறது! பகல், பகை, பகிர்வு எல்லாம் இந்தப் ‘பகு’வின் பிள்ளைகள்தான். பகை என்பது மனிதரைப் பகுப்பது...

கருங்கல், பொறியாளர்:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே −5 போன்றவற்றைக் குறை முழுக்கள் என்று படித்துவிட்டார்கள். ‘குறை’ என்றதும் கழித்தல் குறியைத் தேடுவார்கள். என் அப்பா பனையேறினவர். பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவுவார்; சீவச் சீவ அக்கானி, அதாவது பதநீர், ஊறும். இந்த எண்ணும் அப்படித்தான். ‘சீவு பகா எண்’ என்று வையுங்கள், நம் ஊர்ப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

தக்கலை ஆசிரியர்:
தம்பி, அழகான சொல்தான். ஆனால் பாளையை அடியில் சீவ முடியாதே. இடப்பக்கம் வெட்டுகிற வகையில் மிகப் பெரியது 357686312646216567629137, 24 இலக்கம். முன்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் 9137, 137, 37, 7 என்று நிற்கும். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தலைக்குறையும் கடைக்குறையும் ஒரு சோடி. ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது அநாதையாகிவிடும்.

மார்த்தாண்டம், மொழிபெயர்ப்பாளர்:
‘வெட்டு’ போதாதா? பின்வெட்டு, முன்வெட்டு. எனக்குச் சீவுதான் பிடித்திருக்கிறது, ஆனாலும் ஐயா கேட்டதற்குப் பதில் வேண்டுமே.

நாகர்கோவில் ஆசிரியை:
தனி அஞ்சலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘சீவு’ பக்கம்தான் ஆள் அதிகம். அப்புறம் வகுப்பிலும் சொல்லிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். 73939133-க்குச் சீவு பகா எண் என்றே எழுதிவிட்டேன். இடப்பக்க வகைக்கு அட்டையில் இடம் விட்டிருக்கிறேன். ஞாயிறு இரவுக்குள் யாராவது சொன்னால் நல்லது.

தக்கலை ஆசிரியர்:
தலைக்குறை என்று எழுதுங்கள் டீச்சர். என் கருத்தில் மாற்றமில்லை.