பால்மறப்பு: கன்றுக்கா, மாட்டுக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘வீனிங்’ (weaning, குட்டியைத் தாய்ப்பாலிலிருந்து விலக்குவது) என்பதற்குப் ‘பால்மறப்பு’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று கோவை ஐயா கேட்டிருந்தார். கன்று, ஆட்டுக்குட்டி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். மூன்று வாரமாக அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறேன்.

காரிமங்கலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நாலு மாடு வைத்திருக்கிறார். வரைவைப் படித்துக் காட்டினேன். “எட்டாவது வாரம் பால்மறப்பு” என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். “ரெண்டே மாசத்துல மாடு மறந்துட்டா அதை வச்சு என்ன பண்றது?” எங்கள் பக்கம் மாடு மறந்துவிட்டது என்றால் கறவை நின்றுவிட்டது என்று பொருள். நான் கன்றைச் சொன்னேன் என்றதும், “கன்னுக்குட்டி தானா எங்க மறக்குது? நாமதானே மறக்கடிக்கறோம்” என்றார்.

இரண்டும் சரியான கேள்விகள். ‘பால்குடி மறப்பு’ என்றால் கன்றுதான், குழப்பமில்லை. (‘குடிமறப்பு’ என்று சுருக்க வேண்டாம், அது சாராயத்தை விட்டவருக்குப் போய்விடும்.) பிறவினையில் ‘பால்குடி மறக்கடிப்பு’. இந்த வேறுபாடு ஆய்வுக்கே தேவை. தாய் நிறுத்த விரும்பும் காலமும் குட்டி விட விரும்பும் காலமும் ஒன்றல்ல என்று பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1974இல் எழுதினார். தாயாடு காலை உதறி நடந்தால் மறக்கடிப்பது தாய். காம்பில் சாணி பூசினால் மறக்கடிப்பது நாம்.

ஆனால் எனக்கு முக்கியம் மூன்றாவது சொல். எங்கள் கொட்டகையில் கயிற்றில் அகத்திக் கொத்து தொங்கும். பிறந்து இரண்டு வாரமான குட்டி, வாயோரத்தில் பால்நுரை காயாமலே வந்து, ஒரு இலையை இழுத்து மென்று, பாதியைத் துப்பிவிட்டு மறுபடி மடிக்கு ஓடும். இதற்கு என்ன பெயர்? இன்னும் எதையும் அது மறக்கவில்லை. தொடங்கியிருக்கிறது.

அறிவியல் உற்றுப் பார்ப்பதும் இந்த இடத்தைத்தான். பிறந்த கன்றின் நான்கு வயிறுகளில் பெரியது நான்காவது. பால் குடிக்கும்போது ஒரு மடிப்பு குழாய்போல் மூடி, பாலை நேராக அங்கே சேர்க்கும். முதல் வயிறு சிறுத்துக் கிடக்கும். அதை வளர்ப்பது வயது அல்ல, தீனி. தின்ற தானியம் அங்கே நுண்ணுயிர்களால் நொதித்து பியூட்டிரிக் அமிலம் உண்டாகும். அதுதான் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் முளைகளை எழுப்புகிறது. வெறும் பாலிலேயே வளர்ந்த கன்றுக்கு வாரங்கள் கடந்தும் அந்த முளைகள் சரியாக எழுவதில்லை. அதைத் திடீரென்று பாலிலிருந்து பிரித்தால் இளைத்துப் போகும்.

இப்படித் தீனி தின்னத் தொடங்குவதற்கு ‘இரையெடுப்பு’ என்பது என் முன்மொழிவு. ‘திட உணவுத் தொடக்கம்’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். பிழையில்லை, ஆனால் மாட்டுக்காரர் வாயில் வராது. இரை என்றால் புலிக்கு அகப்படுவது அல்லவா என்பார்கள். ஆனால் கால்நடை மருந்தகத்துக்கு வருபவர் முதலில் சொல்வதே “மாடு இரையெடுக்கல” என்பதுதான். கைக்குழந்தைக்கு ‘இணை உணவு’ நிலைத்துவிட்டது, அது அப்படியே இருக்கட்டும்.

வரைவை இப்படி மாற்றினேன்: “அடர்தீவனத்தில் நாளுக்கு ஒரு கிலோ வீதம் மூன்று நாள் தொடர்ந்து இரையெடுத்த பிறகே கன்றைப் பால்குடி மறக்கடிக்கவும்.” அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “மக்காச்சோளம் எவ்வளவு, தவிடு எவ்வளவு?” என்று கேட்டார்.