கலைச்சொல்: வண்ணத்தளமா, நிறப்புலமா?

> பெரும்பரப்பில் தூய நிறத்தை மட்டும் நிரப்பும் ‘கலர் ஃபீல்டு’ ஓவியத்துக்கு ‘வண்ணத்தளம்’ போதும்.

ஐயா, போதாது. தளம் என்றால் தட்டையான பரப்புதான் நினைவுக்கு வரும். இந்த ஓவியர்கள் நிறத்தைத் தட்டையாகத்தான் பூசினார்கள். ஆனால் பூசிய நிறம் அப்படிக் கிடப்பதில்லை. சிவப்பு பெரும்பாலும் நம்மை நோக்கி வரும், நீலம் விலகும். பக்கத்து நிறத்தை மாற்றினால் இதுவே தலைகீழாகலாம்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1911இல் வரைந்த ‘சிவப்பு ஓவியக்கூடம்’ படத்தைப் பாருங்கள். சுவர், தரை, மேசை, கடிகாரப் பெட்டி எல்லாம் ஒரே சிவப்பு. மேசை, நாற்காலியின் கோடுகள் மேலே தீட்டியவை அல்ல. சிவப்பைப் பூசும்போது அடிநிறம் தெரியும்படி விட்ட இடைவெளிகள். நிழல் இல்லை. இரண்டு சுவர்கள் கூடும் மூலைக்குக் கோடுகூட இல்லை. ஆனாலும் அறைக்குள் நிற்கிறோம் என்ற உணர்வு குலைவதில்லை. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் இன்னும் ஓர் அடி முன்னே போனார். 1950–51இல் அவர் தீட்டிய மாபெரும் சிவப்பு ஓவியம் ஐந்து மீட்டருக்கும் மேல் அகலம். தன் பெரிய ஓவியங்களை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். அருகில் போனால் ஓரங்கள் கண்ணைவிட்டு நீங்குகின்றன. நாம் நிற்கும் இடத்திலும் சிவப்பு பரவுகிறது.

இதற்குப் ‘புலம்’ தான் பொருந்தும். காந்தப்புலம், மின்புலம் என்று பாடநூல்களில் ஏற்கெனவே பழகிய சொல். காந்தப்புலம் காந்தத்தைச் சுற்றியுள்ள வெளியிலும் செயல்படுகிறது. இந்த நிறமும் அப்படியே. ‘புலப்படுதல்’ வழியாகக் கண்ணின் தொடர்பும் தானாக வந்துவிடுகிறது. ‘வண்ணம்’ யாப்பில் சந்தத்தையும் குறிக்கும் என்பதால் ‘நிறம்’ தெளிவு. ஆகவே, நிறப்புலம்.

—

நிறப்புலத்தை ஏற்கிறேன். ஆனால் மத்தீஸை அதற்குள் அடைக்காதீர்கள். அந்தப் பெயர் 1950களை ஒட்டிய அமெரிக்க ஓவியர்களுக்கு உரியது. அவர் அவர்களுக்கு முன்னோடி. நிறங்கள் ஒன்றையொன்று முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் ஆழம் உண்டாக்குவதற்கு ஓவியர் ஹான்ஸ் ஹாஃப்மன் ‘புஷ் அண்ட் புல்’ என்று தனிப் பெயரே வைத்திருந்தார். அதற்கும் நமக்கு ஒரு சொல் வேண்டும். ‘உந்தீர்ப்பு’ எப்படி?

—

உந்து, ஈர்ப்பு இரண்டும் புரிகின்றன. சேர்த்துச் சொன்னால் இயற்பியல் கருவியின் பெயர்போல ஒலிக்கிறது. ஓவிய மாணவருக்குத் ‘தள்ளலும் இழுத்தலும்’ என்றால் உடனே விளங்கும். கலைச்சொல் பட்டியலில் நிறப்புலத்தைச் சேர்த்துவிடலாம். இன்னொன்றுக்கு இரண்டு சொற்களையும் இப்போதைக்கு வைத்திருப்போம். ஓவியம் கற்பிப்பவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.