2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா? வீட்டு சோலார் கணக்கு

மாடிவீடு_திருச்சி:
தனி வீடு, சிங்கிள் ஃபேஸ். இரண்டு மாத பில் ஆண்டு முழுக்க 760 யூனிட்டை ஒட்டியே வருகிறது. கொட்டேஷன் கையில் இருக்கிறது: 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 1,90,000. எதைப் போடலாம்? ரொக்கமா, கடனா?

யூனிட்கணக்கு:
2 போதும் சார். நம் ஊரில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. நெட் மீட்டரில் (சோலார் தருவதை வீட்டுச் செலவிலிருந்து கழிக்கும் மீட்டர்) 760இல் அது போய் 280 நிற்கும். அதில் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, மீதி 80க்கு 4.70, ஆக 611 ரூபாய். இப்போது நீங்கள் கட்டுவது சுமார் 4,400. காரணம், 500ஐத் தாண்டினால் அந்த 2.35 ஸ்லாபே போய்விடும்; மேலே 8.40, 9.45 என்று ஏறும். 2 கிலோவாட் உங்களை 500க்குக் கீழே இறக்கிவிடுகிறது, லாபம் முழுக்க அங்கேதான். ஐப்பசி கார்த்திகை மழையில் உற்பத்தி 360க்கு விழுந்தாலும் 400தான் வரும், 500ஐத் தொடாது.

பிரதமர் சூர்ய கர் மானியம் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. மானியம் போக 80,000 போட்டு ஆண்டுக்கு 23,000 மிச்சம். மூன்றரை ஆண்டில் போட்ட பணம் வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக 32,000 கொடுத்து மிச்சமாவது அந்த 611 மட்டும், ஆண்டுக்கு 3,700கூட இல்லை. அதற்கு ஒன்பது ஆண்டு ஆகும்.

தெற்குகூரை:
இன்றைய 760ஐ வைத்து 25 ஆண்டு ஓடப்போகும் பொருளை அளக்கிறீர்கள், அதுதான் தப்பு. ஒன்றரை டன் ஏசி ஒன்று வந்தால், ராத்திரி 6 யூனிட் வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 360. உங்கள் 280 அப்போது 640. திரும்பவும் 500க்கு மேலே, பில் 3,300. அதே வீட்டில் 3 கிலோவாட் இருந்தால் 400 யூனிட், 1,175 ரூபாய். ஒரே பில்லில் சுமார் 2,100 வித்தியாசம். கோடையில் அப்படி இரண்டு பில். மற்ற நான்கு பில்லில் 611 வீதம் சேர்த்தால் 32,000 ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

யூனிட்கணக்கு:
ஏசி வருவது உறுதி என்றால் நானும் 3தான் சொல்வேன். வராத ஏசிக்கு இன்றைக்கே பணம் கட்ட வேண்டாம். 3 கிலோவாட் இன்வெர்ட்டர், ஆறு பேனலுக்கான ஸ்டாண்ட், இப்போதைக்கு 540 வாட் பேனல் நான்கு. தேவைப்படும்போது இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வயர்மேன்_மதுரை:
அண்ணா, தாளில் சரியாகத்தான் இருக்கிறது. மூன்று சிக்கல் வரும். ஒன்று, மானியம் பேனல், இன்வெர்ட்டர் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். சேர்த்துக்கொள்வதற்குத் தனி அனுமதிக்கும் அலைய வேண்டும். இரண்டாவது, நான்கு ஆண்டு கழித்து அதே வாட், அதே கரண்ட் உள்ள பேனல் கடையில் இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த தொடரில் கரண்ட் குறைந்த பேனல் ஒன்று சேர்ந்தால் மற்றவற்றையும் கீழே இழுக்கும். மூன்றாவது, நான்கு பேனலுக்கு 164 வோல்ட்தான்; உச்சிவெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சுட்டால் 145க்கு இறங்கும். இன்வெர்ட்டர் தொடங்கும் வோல்ட்டேஜ் அதைவிட நன்றாகக் கீழே இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கிலோவாட் சண்டையை விட முக்கியமானது கேபிள். மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் என்று வையுங்கள். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. தாமிரக் கேபிளில் போக வர 60 மீட்டருக்கு 5.8 வோல்ட் போகும், 6 சதுர மி.மீ. என்றால் 2.4 வோல்ட். மதியம் லைனில் ஏற்கெனவே 250 ஓடும் தெருக்களில் அந்த வித்தியாசமே இன்வெர்ட்டர் முனையில் வோல்ட்டேஜை ஏற்றி அதை ட்ரிப் ஆக்கும். நல்ல வெயில் நேரத்தில் உற்பத்தி சுழியமாக நிற்கும், பழி பேனல் மேல் விழும்.

கரண்ட்கட்_தொல்லை:
பேட்டரி பற்றி யாரும் பேசவில்லையே. கரண்ட் போனால் சோலார் வீட்டிலும் இருட்டுதானே?

தெற்குகூரை:
ஆமாம், ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) இன்வெர்ட்டர் லைன் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காக வைத்த பாதுகாப்பு அது, அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் என்றால் வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரே போதும். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 1.8 யூனிட் சேமிக்கும், பாதி எடுத்தால்தான் நீடிக்கும், 0.9 யூனிட்டில் இரண்டு ஃபேனும் இரண்டு லைட்டும் ஐந்து மணி நேரம் ஓடும். அதற்காக ஹைப்ரிட் (பேட்டரியோடு சேர்ந்த சோலார் இன்வெர்ட்டர்) போவது வீண் செலவு.

மாடிவீடு_திருச்சி:
பணம் பற்றிச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர் "ஜீரோ வட்டி இஎம்ஐ" என்கிறார்.

யூனிட்கணக்கு:
அதே கம்பெனியிடம் ரொக்க விலையைத் தனியாகக் கேளுங்கள், வித்தியாசம்தான் அந்த வட்டி. பொதுத்துறை வங்கிகளில் 3 கிலோவாட் வரை 2 லட்சத்துக்குள் அடமானம் இல்லாத கடன் உண்டு, வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தை ஒட்டியது. 1,40,000இல் 10 சதவீதம் உங்கள் கைப்பணம். மீதி 1,26,000க்குக் கடன், மானியம் 60,000 வந்ததும் அதையும் கடனிலேயே கட்டிவிட்டால் 66,000 நிற்கும். ஐந்து ஆண்டுக்கு, 6 சதவீதம் என்று வைத்தால், மாதம் 1,280. பில்லில் மிச்சமாவது மாதம் 1,900. மானியம் சிஸ்டம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கணக்கில் விழும், அதுவரை முழுத் தொகையையும் நீங்கள்தான் தாங்க வேண்டும். அதனால் ரொக்கம் கையில் இருந்தாலும் அவசரத்துக்கு வைத்த பணத்தைத் தொடாமல் கடன் எடுப்பதே மேல்.

தெற்குகூரை:
அதில் ஒத்துப்போகிறேன். கொட்டேஷன் தேதியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய வரியோடு விலை போட்டிருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். பேனல் டிசிஆர் (உள்நாட்டுத் தயாரிப்பு) என்று எழுத்தில் வேண்டும், உள்நாட்டு செல் இல்லாவிட்டால் மானியமே கிடையாது.

மாடிவீடு_திருச்சி:
தென்மேற்கு மூலையில் தண்ணீர் டேங்க், மூன்று மணிக்கு மேல் நிழல் கிழக்கே நீளும்.

வயர்மேன்_மதுரை:
அப்படியானால் டேங்க் நிழல் எட்டாத இடம் மாடியில் எது என்று முதலில் பாருங்கள். பேனல் அங்கேதான். கைப்பிடிச் சுவரின் நிழல் படாத உயரத்தில் ஸ்டாண்ட், தெற்கு பார்த்து 11, 12 டிகிரி சாய்வு. 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 200 சதுர அடிதான் தேறும் என்றால் மூன்றாவது கிலோவாட் பேச்சுக்கே இடமில்லை. கேபிள் அளவு ஒன்று; டிசி (பேனல் பக்கம்), ஏசி (மின்லைன் பக்கம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி இன்னொன்று; இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். கடைசி 10 சதவீதப் பணத்தை நெட் மீட்டர் மாட்டிய பிறகு கொடுங்கள்.