கல்லூரி மாறிச் சென்ற ஆட்டக்காரரைப் பார்த்துக் கூச்சலிட ரசிகருக்கு உரிமை உண்டா?

கேள்வி
பதிவிட்டவர்: அணைக்கட்டு ரசிகன், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். 2022 மார்ச் 18 அன்று காலை, ஓசூரில் இரவுப் பணியை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த பேருந்தில், கைப்பேசியில் தற்செயலாக அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஓர் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களைப் பார்த்தேன். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி, கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85–79 என்று வீழ்த்தியது. பேருந்து சூளகிரியைத் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த அணி பர்டூவையும் 67–64 என்று வென்று, பதினாறு அணிகள் கொண்ட பிரிவில் 15ஆம் தரவரிசையில் தொடங்கிக் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக வந்த முதல் அணி என்ற பெயரைப் பெற்றது. வட கரோலினாவிடம் தோற்றபோது, அடுத்த ஆண்டும் இவர்களைத்தான் பார்க்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அந்த அணியே இல்லை. பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். ஆட்டக்காரர்களில் எண்டெஃபோ அவரைப் பின்தொடர்ந்தார். மீசையால் புகழ்பெற்ற டக் எடர்ட் பிரையன்டுக்கும், பேங்க்ஸ் செயின்ட் பொனவென்சருக்கும், இரட்டையரான டிராமே சகோதரர்கள் லா சாலுக்கும் போனார்கள். திருவிழா முடிந்த மறுநாள் தேர்முட்டியைப் பார்ப்பது போல இருந்தது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உள்ளூரில் நடந்த ஒரு செய்தி. நான் படித்த கல்லூரியின் அணியில் சிறந்து விளங்கிய ஒரு மாணவர், முதலாண்டை முடித்த கையோடு டி.சி. வாங்கிக்கொண்டு, ஓர் ஆண்டு வீணாவதையும் பொருட்படுத்தாமல், சென்னையிலுள்ள ஒரு கல்லூரியில் மீண்டும் முதலாண்டில் சேர்ந்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவரைச் "சோற்றுக்குப் போனவன்" என்று எழுதினார்கள். கோடை விடுமுறையில் தருமபுரியில் நடந்த ஓர் ஓபன் போட்டிக்கு அவர் அந்தக் கல்லூரியின் பனியனோடு வந்தபோது, பந்து அவர் கைக்கு வரும்போதெல்லாம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஊளையிட்டோம். அவர் அடுத்தடுத்து இரண்டு ஃப்ரீ த்ரோக்களை (எதிரணி மறிக்காமல், கோட்டில் நின்று வளையத்துக்கு எறியும் வாய்ப்புகளை) தவறவிட்டார். அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, இரவில் இல்லை.

ரசிகனுக்கு இவ்வாறு கோபப்பட உரிமை உண்டா? அமெரிக்காவில் இது எப்போதுமே இப்படித்தானா?

---

பதில் 1
ஸ்கோர்ஷீட், ஓசூர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். எப்போதும் இப்படி இல்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் எல்லாம் தலைகீழாயிற்று.

முன்பெல்லாம் ஓர் ஆட்டக்காரர் வேறு கல்லூரியுடன் பேசுவதற்கே தம் கல்லூரியின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது; அனுமதி இல்லையென்றால் போகுமிடத்தில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்காது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2018 அக்டோபர் 15 அன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பதிவேட்டைத் தொடங்கியபோது, அனுமதி என்பது அறிவிப்பாக மாறியது. மாணவர் எழுதிக் கொடுத்தால் கல்லூரி இரண்டு வேலைநாள்களுக்குள் பெயரைப் பதிவேற்ற வேண்டும், அவ்வளவே. ஆனால் அப்போதும் கூடைப்பந்தாட்டக்காரர் கல்லூரி மாறினால் பொதுவாக ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. உண்மையான பூட்டு அதுதான். 2021 ஏப்ரலில் ஒருமுறை மட்டும் உட்காராமலேயே மாறலாம் என்று அதைத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்த இடமளித்து மாணவர்கள் பணம் ஈட்டலாம் என்ற அனுமதியும் வந்தது. பூட்டைத் திறந்தும் விட்டார்கள், வெளியே பந்தியும் போட்டார்கள். பிறகு யார்தான் உள்ளே இருப்பார்கள்?

2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், இரண்டாம் முறை மாறுபவர்களைத் தடுக்கும் விதிக்கும் இடைக்காலத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று என்சிஏஏ விதியையே திருத்திக்கொண்டது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற நீதிமன்றச் சமரசத்தின்படி, இப்போது கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; இந்த ஏற்பாட்டின் முதல் ஆண்டில் அதற்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஏறத்தாழ 2.05 கோடி டாலர்.

2025 ஏப்ரல் 7 அன்று இறுதியாட்டத்தில் ஹூஸ்டனை 65–63 என்று வென்ற ஃபுளோரிடா அணியின் தொடக்க ஐவரில் நால்வர் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மாண்ட்டிலிருந்தும், சின்யெலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்தும் வந்தார்கள். அவர்களைத் தம் பிள்ளைகள் என்றுதான் ஃபுளோரிடா ரசிகர்கள் கொண்டாடினார்கள். போகிறவன் மட்டும்தான் துரோகி, வருகிறவன் மாப்பிள்ளை.

---

பதில் 2
பழைய பி.டி., தருமபுரி

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகவும் பின்னர் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் ஊளையிட்ட அந்தப் பையன் யாரென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பெயரை இங்கே எழுதவில்லை.

அவனைப் போன்றவர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். மாநில அளவிலான பள்ளிப் போட்டி எங்கே நடந்தாலும், கேலரியின் மேல் வரிசையில் சென்னை, கோவைக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் சிலர் கையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் பையனிடம் பேச மாட்டார்கள். அவன் தந்தையின் கைப்பேசி எண்ணைக் கேட்பார்கள். கல்விக் கட்டணம் இல்லை, விடுதி இலவசம், மெஸ்ஸில் தினமும் முட்டையும் பாலும், ஆண்டுக்கு இரண்டு ஜோடி ஷூ, மரத்தளம் போட்ட உள்ளரங்கம். இவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் தந்தை அரூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கோ போய் வருபவராக இருப்பார். இதற்கும் மேலே, சென்னையில் ஆடினால் தெற்கு இரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகளின் கண்ணில் படலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கலாம். என்னிடம் சிமெண்ட் தளமும், வலை கிழிந்த இரண்டு வளையங்களும், நான் சொந்தக் காசில் வாங்கிய பந்துகளும் இருந்தன. எந்த முகத்தோடு நான் அவனை இருக்கச் சொல்வேன்?

ஓசூர் நண்பர் சொன்ன பழைய அனுமதி விதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. டி.சி. கேட்டு வந்த மாணவனிடம், மூன்றாண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்று சொன்ன ஒரு நிர்வாகத்தின் கீழ் நான் பணியாற்றியிருக்கிறேன். பையனுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களெல்லாம் அலுவலகப் பீரோவில் கிடக்கும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டது. அதுவும் அக்டோபர் மாதத்தில்தான், அமெரிக்காவில் அந்தப் பதிவேடு திறக்கப்பட்ட அதே மாதத்தில். ஆனாலும் அறிவிக்கையின் நகலைக் கையில் எடுத்துப்போய் முதல்வர் அறை வாசலில் நிற்கும் துணிவு எத்தனை பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கும்?

சந்தூர்ப் பக்கத்தில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கன்று வேறு ஊர்த் தோட்டத்தில் காய்க்கிறதே என்று அவர்கள் வருந்துவதில்லை. நானும் என் வேலையை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

---

பதில் 3
காவேரிப்பட்டணத்தான்

பழைய பி.டி. ஐயாவின் மீது மதிப்புக் குறையாமல் ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டுக் கட்டுகிறவர் கன்றைக் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறார். உங்கள் கல்லூரிக்கு என்ன கிடைத்தது?

கால்பந்தில் ஃபிஃபாவின் விதி ஒன்று இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, அவருடைய 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கிளேட்டனை இரண்டு பருவங்கள் ஆட வைத்துத் தேற்றிய அயோனாவுக்கு ஃபுளோரிடா இப்படி எதையும் தர வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. சிறிய கல்லூரிகள் மூலையில் கிடக்கும் பிள்ளையைக் கண்டுபிடிக்கின்றன, தேற்றுகின்றன, பிறகு கையசைத்து வழியனுப்புகின்றன. இதில் ரசிகன் மட்டும் புன்னகையோடு நிற்க வேண்டுமாம்.

ரசிகனின் கோபத்தைப் பொறாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பர்டூவின் சாக் எடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் செயின்ட் பீட்டர்ஸிடம் தோற்ற அணியில் அவர் இருந்தார். 2023இல் 16ஆம் தரவரிசையிலிருந்த ஃபேர்லி டிக்கின்சனிடம் முதல் சுற்றிலேயே தோற்ற அவமானத்திலும் இருந்தார். போகாமல் நின்று, 2024இல் அதே அணியை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். அங்கே கனெக்டிகட்டிடம் 75–60 என்று தோற்றார்கள் என்றாலும், பர்டூ ரசிகருக்கு அந்த நான்கு ஆண்டுகள் ஒரே கதை. அந்தக் கதை கிடைக்காமல் போவதுதான் ரசிகனின் இழப்பு. அதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

---

பதில் 4
பென்னாகரம் 11

அண்ணா, நானும் ஒரு காலத்தில் கல்லூரி மாறியவள்தான். தருமபுரியில் இளங்கலை முடித்து, முதுகலைக்காகச் சென்னைக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் ஆடினேன். என்னைப் பார்த்து யாரும் ஊளையிடவில்லை. பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க எங்கள் அம்மாக்களும் வாட்ச்மேன் தாத்தாவும் மட்டுமே வருவார்கள் என்பதால், நான் போனதை யாரும் கவனிக்கவேயில்லை. உங்கள் பதிவைப் படித்தபோது அந்தப் பையன் மீது எனக்குச் சிறிது பொறாமைகூட வந்தது.

காவேரிப்பட்டணம் அண்ணா சொல்லும் கதையில் ஆட்டக்காரரின் பக்கம் ஒன்று விடுபட்டிருக்கிறது. கேலப் லவ் என்பவர் 2022இல் வட கரோலினாவுக்காக அரையிறுதியில் டியூக்குக்கு எதிராக 28 புள்ளிகள் எடுத்தவர். அடுத்த பருவம் முதலிடத்தில் தொடங்கிய அந்த அணி, தேசியப் போட்டிக்கே தகுதி பெறாமல் போனது. பழியில் பெரும்பங்கு அவர் தலையில் விழுந்தது. அவர் மிச்சிகனுக்குப் போவதாக அறிவித்தார். சேர்க்கைச் சிக்கலால் அது நடக்கவில்லை. கடைசியில் அரிசோனாவில் சேர்ந்து, 2024இல், அந்தக் கல்லூரி அப்போது ஆடிவந்த பாக்-12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். ஒரு கல்லூரியில் பாரமாகத் தெரிந்தவர் இன்னொன்றில் தூணானார். பெண்கள் ஆட்டத்தில் ஏஞ்சல் ரீஸும் மேரிலாண்டில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு எல்எஸ்யூவுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) போய், முதல் பருவத்திலேயே இறுதியாட்டத்தில் அயோவாவை 102–85 என்று வென்று தேசியச் சாம்பியன் பட்டம் பெற்றார். இவர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இருக்கச் சொல்லும் உரிமை ரசிகரிடம் இல்லை.

முழங்கால் தசைநார் கிழிந்து நான் எட்டு மாதம் ஆடாமல் இருந்தபோது, முந்தைய கல்லூரியிலிருந்து எனக்கு வந்த ஒரே அழைப்பு, நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதற்காக. விசுவாசத்தை ஒரு பக்கத்திடம் மட்டும் கேட்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

---

பதில் 5
ஸ்கோர்ஷீட், ஓசூர்

இன்னொரு செய்தியைச் சேர்த்துவிட்டுப் போகிறேன். கிளேட்டன் அயோனாவை விட்டதற்கு முன்பே அவருடைய பயிற்சியாளர் ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸுக்குப் போய்விட்டார். செயின்ட் பீட்டர்ஸிலும் பயிற்சியாளர்தான் முதலில் கிளம்பினார். ஆட்டக்காரர்கள் ஓர் ஆண்டு உட்கார வேண்டியிருந்த காலத்திலும் பயிற்சியாளர்கள் இன்று ஓர் ஊரிலும் நாளை இன்னோர் ஊரிலும் தடையின்றி வேலை பார்த்தார்கள். ரசிகர்கள் அவர்களையும் விடுவதில்லை என்பது உண்மை. கென்டக்கியில் 15 பருவங்கள் இருந்த ஜான் காலிபாரி 2024இல் ஆர்கன்சாவுக்கு மாறி, 2025 பிப்ரவரி 1 அன்று பழைய அரங்கத்துக்கே திரும்பி வந்தபோது கூட்டம் கூச்சலிட்டது. அவர் அணி 89–79 என்று வென்றது. ஆனால் அவருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். நம் பையனுக்கு ஃப்ரீ த்ரோதான் போயிற்று.

---

பதில் 6
அணைக்கட்டு ரசிகன், கிருஷ்ணகிரி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காவேரிப்பட்டணத்தார் சொன்ன இழப்பு எனக்கும் இருக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ் சிதறிப்போனது இன்றும் உறுத்துகிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த இழப்பை ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்ற பத்தொன்பது வயதுப் பையனிடம் நான் வசூலிக்கப் பார்த்தது தவறு. இத்தனைக்கும் எங்கள் கல்லூரி நிர்வாகம் அணிக்கு ஒரு பந்தாவது வாங்கிக் கொடுத்ததா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியதை அழிக்க முயன்றேன். நேரம் கடந்துவிட்டதால் எல்லாருக்கும் அழிக்க முடியவில்லை. ஆகவே கீழேயே வருத்தம் தெரிவித்து எழுதினேன். இருவர் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

பழைய பி.டி. ஐயா, நீங்கள் நினைக்கும் பையனும் நான் சொன்ன பையனும் ஒருவரே என்றால், அவர் விடுமுறையில் மாவட்ட விளையாட்டரங்கத்துக்குப் பயிற்சிக்கு வருவதுண்டா என்பதைத் தனிச்செய்தியில் தெரிவிக்க இயலுமா?

---

பதில் 7
பழைய பி.டி., தருமபுரி

வருகிறான். காலை ஆறு மணிக்கெல்லாம் தளத்தில் இருப்பான். நீங்கள் ஏழு மணிக்கு வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் ஃப்ரீ த்ரோ பயிற்சியின் நடுவில் நிற்பீர்கள், அது இப்போதைக்கு வேண்டாம்.