டிஎம்இசட் சர்வர் வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவில்லை

நண்பர்களே, இரண்டு நாளாக மண்டை காய்கிறது. லினக்ஸ் மெஷின் ஒன்றில் ஐபிடேபிள்ஸ் (பாக்கெட்டுகளை வடிகட்டும் லினக்ஸ் கருவி) வைத்து ஃபயர்வால் போட்டிருக்கிறேன். மூன்று நெட்வொர்க் கார்டு: இன்டர்நெட்டுக்கு ஒன்று, உள் நெட்வொர்க்கான லேனுக்கு ஒன்று (192.168.10.0/24), வெளியார் அணுகும் சர்வர்களைத் தனியே வைக்கும் டிஎம்இசட்டுக்கு ஒன்று (192.168.50.0/24). வெப் சர்வர் 192.168.50.10.

வெளியிலிருந்து 443 போர்ட்டில் வந்தால் தளம் அழகாகத் திறக்கிறது. லேனிலிருந்து 192.168.50.10 என்று நேராக அடித்தாலும் திறக்கிறது, சான்றிதழ் எச்சரிக்கையோடு. டொமைன் பெயரைப் போட்டால்தான் டைம் அவுட். பெயர் பப்ளிக் ஐபிக்குப் போகிறது; பாக்கெட்டை வெப் சர்வருக்குத் திருப்பிவிடும் என் டிநாட் விதியோ இன்டர்நெட் கார்டில் வரும் பாக்கெட்டுக்கு மட்டும் என்று எழுதியது. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

விதியில் கார்டு பெயரை எடுத்துவிட்டு பப்ளிக் ஐபியை மட்டும் வைத்தால் போதுமா? இல்லை, உள் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) அதே பெயருக்கு 192.168.50.10 கொடுத்துவிடலாமா? எது பின்னால் தலைவலி தராது?

இன்னொன்று. டேட்டாபேஸ் லேனில் இருக்கிறது. டிஎம்இசட்டிலிருந்து லேனுக்கு எல்லாவற்றையும் மூடி, அந்த ஒரு மெஷினுக்கு 5432 போர்ட்டை மட்டும் திறந்திருக்கிறேன். சர்வர் யார் கையிலாவது சிக்கினால் இந்தத் துளையே வழியாகிவிடுமோ என்று உறுத்துகிறது. டேட்டாபேஸுக்குத் தனி ஸோன் போட்டவர்கள் யாராவது உண்டா?

"எல்லாத்தையும் திறந்து விடு, முதல்ல ஓடட்டும்" என்ற யோசனை மட்டும் வேண்டாம். அது ஆபீஸிலேயே கிடைத்துவிட்டது.