1,200 சொல் சிறுகதையை எக்ஸ், இன்ஸ்டாவில் போடுவது எப்படி?

பட்டர்வொர்த்_வாசகி:
வணக்கம். ஞாயிறு பதிப்புக்கு எழுதும் அளவில் ஒரு சிறுகதை கையில் இருக்கிறது. களம், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி. எக்ஸில் இழையாகவும் (ஒன்றோடொன்று கோத்த தொடர் பதிவுகள்) இன்ஸ்டாவில் படங்களாகவும் போட நினைக்கிறேன். ஒரு பதிவில் தமிழ் எத்தனை சொல் பிடிக்கும்? எங்கே வெட்டுவது?

செந்தூல்வாசி:
எக்ஸில் இலவசக் கணக்குக்கு, ஒரு பதிவுக்கு 280 எழுத்து. ஆனால் அது எண்ணுவது யூனிகோடு குறிகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளை. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக்கணக்கு. ‘பினாங்கு’ நமக்கு நாலெழுத்து, அதற்கு எட்டு. ஆக ஒரு பதிவுக்கு 25 முதல் 30 சொல்தான். உங்கள் கதை நாற்பது பதிவைத் தாண்டும், யார் படிப்பார் லா!

முழு இழையையும் எழுதி முடித்து ஒரே தடவையில் விடுங்கள். தனித்தனியாகப் போட்டால் உங்கள் பக்கத்தில் முடிவு மேலேயும் தொடக்கம் அடியிலும் நிற்கும். நடுவில் ஒன்றை அழித்தால் இழை அங்கேயே ஓட்டை. இலவசக் கணக்கில் திருத்தவும் முடியாது, அதனால் பிழை பார்ப்பதெல்லாம் முன்னாடியே.

ஏழாவது பதிவு மட்டும் தனியாக யார் கண்ணிலாவது படும். அதில் ‘அவள்’ என்று தொடங்கினால் யாரென்று தெரியாது, பெயரைப் போடுங்கள்.

மலர்_ஜார்ஜ்டவுன்:
இன்ஸ்டாவில் ஒரு பதிவுக்கு 20 படம்வரை. 1080க்கு 1350 அளவில், கைப்பேசியில் கண் வலிக்காமல் படிக்க, படத்துக்கு 40 சொல் போதும். அட்டையும் கடைசிப் படமும் போக 18 படம், சுமார் 720 சொல். மீதியை வெட்டத்தான் வேண்டும். பெரும்பாலும் வருணனைதான் போகும்.

முதல் படத்தைத் தள்ளிவிட்டுப் போனவருக்குச் சில நேரம் இரண்டாவதையே மறுபடி காட்டும். ஆகவே இரண்டாவது படமும் கதையின் வாசலாக இருக்கட்டும்.

காணொளியாகவும் செய்வதானால், சில காணொளிச் செயலிகளில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி, புள்ளிவட்டம் முளைக்கும். எழுத்தை வேறு செயலியில் படமாக்கிக் கொண்டுபோய் ஒட்டினால் தப்பும்.

பாயான்_லெப்பாஸ்:
இருவர் சொன்னதும் சரி, ஆனால் அச்சுக்கு எழுதிய கதையை நறுக்குவதே எனக்கு உவப்பில்லை. 2012இல் நியூயார்க்கர் இதழ் ஒரு கதையைப் பத்து இரவு ட்விட்டரில் விட்டது. அதில் ஒவ்வொரு வரியும் ஓர் உளவாளியின் பணிக்குறிப்பு. அன்றைய 140 எழுத்து வரம்பு கதைக்குள்ளேயே பொருந்திவிட்டது.

உங்கள் களம் அடுக்குமாடியா? அப்படியானால் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழு உரையாடலாகவே எழுதிப் பாருங்கள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற ஒரு வரி ஒரு பத்தி வருணனைக்குச் சமம். நீலக் குறி விழுந்தும் பதில் வராதது இன்னொன்று. அதிகாலை 2.13க்கு வந்த செய்திக்கு யார் முதலில் பதில் போட்டார் என்பதிலேயே சந்தேகத்தை விதைக்கலாம். நேரத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்து வையுங்கள். வாசகர் பிடிக்கும் முதல் ஓட்டை அதுதான். பாத்திரங்கள் செந்தமிழில் பேசவேண்டாம். ‘போலே’ (முடியும்), ‘அலாமாக்’ (ஐயோ) போன்ற மலாய்ச் சொல்லெல்லாம் தாராளமாக வரட்டும்.

பட்டர்வொர்த்_வாசகி:
நல்ல யோசனை. குழந்தை காணாமற்போகும் கதை அது. உண்மை என்று நினைத்துப் பரப்பிவிட மாட்டார்களா?

பாயான்_லெப்பாஸ்:
பரப்புவார்கள். விளக்கத்தில் மட்டும் ‘கதை’ என்று போட்டால் ஸ்கிரீன்ஷாட்டில் அது வராது. ஒவ்வொரு படத்தின் உள்ளேயும், வெட்ட முடியாத இடத்தில் ‘புனைவு’ என்று இருக்கட்டும். நிஜக் குடியிருப்பின் பெயர், தொலைபேசி எண், காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம். இணையத்தில் பொய்யான, புண்படுத்தும் செய்திகளைப் பரப்புவது பற்றிய, மலேசியாவின் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவையும் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.